நமக்கு இருந்த எட்டு எம்.பி.க்கள்

எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். அச்சில் அது ஒரு சிறு புத்தகம் அளவுக்கு வரும். அதில் ஒரே ஒரு பத்தி எனக்குக் கல்லூரிக் காலத்திலேயே அறிமுகம். ஹைதர் அலி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி வரும் பத்தி. பேராசிரியர் மேசையைத் தட்டித் தட்டி அதை வாசிப்பார். அந்தச் சமவெளி எது, அதில் யார் குடியிருந்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முழு உரையைப் போன கோடையில்தான் படித்தேன், ஆரணியில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. பர்க் சொல்லும் 'கர்நாடகம்' இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை. ஆற்காடு நவாபின் சீமை அது. ஆரணி அதற்கு நட்டநடுவில் இருக்கிறது. ஹைதர் இறங்கி வந்த கணவாய் செங்கம் கணவாய். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். மேசை தட்டி வாசிக்கப்பட்ட அந்த உலகப் புகழ்பெற்ற பத்தி எங்கள் மாவட்டத்தைப் பற்றியது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் தறிக்குழியிலிருந்து ஏறி வந்த சித்தப்பா, "இன்னாடா அது, ரெண்டு நாளா அதையே புரட்டினுகீற?" என்றார். சுருக்கமாகச் சொன்னேன். நவாப் வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக நம் ஊர்ப்பக்கத்து வரிகளை எழுதிக் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கடன் கொடுத்தவர்கள் லண்டனில் எம்.பி. சீட்டு வாங்கினார்கள். பால் பென்ஃபீல்டு என்ற ஒருவன் மட்டும், தன்னையும் சேர்த்து, எட்டு பேரை முந்தின நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தான் என்று பர்க் சொல்கிறார்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அப்ப நம்ம காசுல எட்டு எம்.பி. இருந்துகீறாங்க. இப்ப ஒண்ணுதான்."

சித்தி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. பர்க்கின் உரை பற்றி நான் படித்த விமர்சனங்கள் எதிலும் அது இல்லை. இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உரையைத் திரும்பப் படிக்கும் முயற்சி.

*

முதலில் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பர்க்கின் பெயர் அங்கேதான் முதலில் உயர்ந்தது.

1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் முத்திரைத்தாள் வரி போட்டது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. குடியேறிகள் கேட்ட கேள்வி எளிமையானது: அந்தச் சபையில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. அது எப்படி எங்கள் பையில் கை விடலாம்? அதே ஆண்டு அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் ஆட்கள் நியூயார்க்கில் கூடி, வரி போடும் உரிமை நாங்கள் தேர்ந்தெடுத்த சபைகளுக்கு மட்டுமே உண்டு என்று எழுதினார்கள்.

லண்டன் கொடுத்த பதில் சுவாரஸ்யமானது. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூட எம்.பி. கிடையாது, அதனால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிரதிநிதி இல்லை என்று ஆகிவிடுமா? நாடாளுமன்றத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும்தான் சிந்திக்கிறார், ஆகவே நீங்களும் அங்கே மானசீகமாக இருக்கிறீர்கள். இதை மானசீகப் பிரதிநிதித்துவம் என்று தமிழில் சொல்லலாம். மானசீகமாகச் சோறு போட்டால் வயிறு நிறையுமா என்று அமெரிக்கர்கள் திருப்பிக் கேட்டார்கள். மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி அதே ஆண்டு இந்த வாதத்தை ஒரு துண்டுநூலில் பிரித்துப் போட்டார். இங்கிலாந்தில் ஓட்டு இல்லாதவன் மேல் விழும் வரி ஓட்டு உள்ளவன் மேலும் விழுகிறது, அதனால் இருவர் நலனும் ஒன்று. அமெரிக்கன் மேல் போடும் வரியோ இங்கிலாந்துக்காரனின் சுமையைக் குறைக்கிறது. நலன்கள் எதிரெதிராக இருக்கும்போது எவரும் எவருக்காகவும் மானசீகமாகப் பேச முடியாது.

டுலானியின் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வோம். பிறகு தேவைப்படும்.

இந்தச் சண்டையில் நம் பக்கத்துக் கதையும் கலந்திருக்கிறது. 1769இல் ஹைதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை வந்து சமாதானம் பேசவைத்தார். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 1770இல் வங்காளப் பஞ்சம், 1772இல் லண்டனில் கடன் நெருக்கடி. முழுகப்போன கம்பெனியைக் காப்பாற்ற, கிடங்கில் தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிட 1773இல் ஒரு சட்டம். அதன் விளைவாகத்தான் அந்த டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குள் போனது. ஆசியாவில் இந்தக் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள், நாளை நமக்கும் அதே கதிதான் என்று அன்றைய அமெரிக்கத் துண்டறிக்கைகள் எச்சரித்தன. 1782 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஒரு போர்க்கப்பல் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றை மடக்கிப் பிடித்தது. அந்த அமெரிக்கக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 2ஆம் தேதி, அசல் ஹைதர் அலி ஆரணிக்குப் பக்கத்தில் ஐர் கூட்டின் படையோடு மோதிக்கொண்டிருந்தார்.

ஆக, அமெரிக்கர்களுக்கு நாம் ஓர் எச்சரிக்கைப் பலகையாகப் பயன்பட்டோம். எங்கள் கேள்வி உங்களுக்கும் பொருந்தும் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தன் வீட்டுக் கறுப்பு அடிமைக்கே அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்காதவர்கள் அவர்கள்.

*

இப்போது கடன் கதை. பர்க்கின் உரையில் ஆகச் சிறந்த பகுதி இதுதான். ஆனால் கல்லூரிப் பாடத்தில் வராது.

நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனிப் படையின் தயவில் ஆண்டவர். படைச் செலவுக்குப் பணம் வேண்டும், ஆடம்பரத்துக்கும் வேண்டும். சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்கள் தங்கள் தனிக் கணக்கில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி கூடக்கூட அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம். 1767இல் ஒரு முறை, 1777இல் இன்னொரு முறை. ஈடாக ஊர் ஊராக வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடன்காரனே வரி வசூலிப்பவனாக ஆகிவிட்டான். நடுவில் சௌகார் ஒருவன் உத்தரவாதம் கொடுப்பான், அவனுக்கும் ஒரு பங்கு வட்டி. குடியானவனுக்கும் நெசவாளிக்கும் எஜமான் யார் என்றே தெரியாது. நவாபா, கம்பெனியா, துரையா, சௌகாரா?

பென்ஃபீல்டு இந்த வகை ஆள். கம்பெனியில் அவன் சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. 1776இல் அவன் நவாப் மீதும் தஞ்சாவூர் விளைச்சல் மீதும் கேட்ட பாக்கி 2,30,000 பவுண்டுக்கு மேல். சென்னை கவர்னர் பிகட் பிரபு அதைக் கேள்வி கேட்டார். கவுன்சில்காரர்களே கவர்னரைக் கைது செய்தார்கள். காவலிலேயே அவர் இறந்தார். பென்ஃபீல்டு இங்கிலாந்துக்குப் போய் 1780இல் கிரிக்லேடு தொகுதி உறுப்பினராக உட்கார்ந்தான்.

1784இல் பிட்டின் இந்தியச் சட்டப்படி ஒரு கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. கம்பெனியின் இயக்குநர்களே இந்தக் கடன்களை விசாரிக்க வேண்டும் என்றார்கள். டன்டாஸ் பொறுப்பில் இருந்த வாரியம் விசாரணையே வேண்டாம், கர்நாடகத்து வருமானத்திலிருந்து கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவிட்டது. வருஷத்துக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு. ஹைதரோடு போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத, எரிந்துபோன ஒரு நாட்டிலிருந்து.

ஏன் விசாரணை வேண்டாம்? பர்க் காட்டும் காரணம் அந்த எட்டு பேர். கர்நாடகத்திலிருந்து பணம் லண்டனுக்குப் போகிறது. அங்கே தேர்தலில் சீட்டு வாங்குகிறது. சீட்டில் உட்கார்ந்தவர்கள் அமைச்சரவைக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அமைச்சரவை கடனை அங்கீகரிக்கிறது. மறுபடி பணம். தறியில் நாடா போய்ப்போய் வருவதுபோல இது ஓடுகிறது. அதைத் தேதியோடும் தொகையோடும் பெயரோடும் பர்க் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பத்திரத்தை எடுக்கிறார், அதன் பின்னால் இருக்கும் பத்திரத்தை எடுக்கிறார், அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறார். கந்துவட்டிக்காரனின் நோட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் பர்க். ஆரணியில் பட்டுத்தறி ஓட்டும் எவருக்கும் இந்தப் பகுதி உரைபோடாமலே புரியும். முன்பணம், பாவு, கோறா, கூலி, கழிவு என்று நோட்டில் ஏறும் கணக்கு எப்போதும் எழுதுகிறவன் பக்கமே சாயும் என்பதை இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதற்குப் பின்னால் ஒரு சாட்சி வந்தது. 1801இல் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. மிச்சக் கடன்களை விசாரிக்க 1805இல் ஒரு குழு போட்டார்கள். அது இருபத்தைந்து வருஷம் போல உட்கார்ந்தது. கேட்கப்பட்ட தொகை ஏறக்குறைய மூன்று கோடி பவுண்டு. உண்மையானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சித்தப்பாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். அமெரிக்கர்களின் குறை, வரி உண்டு, பிரதிநிதி இல்லை என்பது. நம் கதை அதைவிட விசித்திரம். வரி கட்டியவனுக்குப் பிரதிநிதி இல்லை. ஆனால் அவன் கட்டிய வரிக்குப் பிரதிநிதி இருந்தது, எட்டு பேர். அந்த எட்டு பேரும் வரி கட்டியவனுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். டுலானியின் அளவுகோல் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இன்னொரு இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

*

இதைக் கண்டுபிடித்துச் சொன்ன மனிதனை வணங்காமல் இருக்க முடியாது. ஆனால் உரையை இரண்டாம் தடவை படித்தபோது எனக்குச் சில இடங்கள் உறுத்தின.

முதல் உறுத்தல், அந்தப் புகழ்பெற்ற பத்தி. ஹைதர் மலைமேல் கருமேகமாகத் திரண்டு நிற்கிறார், பிறகு கொட்டுகிறார். நெருப்பு, ஓட்டம், பஞ்சம். பதினெட்டு மாதம் இடைவிடாமல் அழிவு நடந்தது, பிரிட்டிஷ் படை கர்நாடகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தபோது ஆணோ பெண்ணோ குழந்தையோ நாலுகால் பிராணியோ கண்ணில் படவே இல்லை என்கிறார் பர்க். கேட்பவர் உறைந்துபோவார். ஆனால் 1782 ஜூனில் கூட் ஆரணியை நோக்கி ஏன் வந்தார்? ஹைதரின் பெரிய கிடங்கு இங்கே இருந்தது என்பதால். கிடங்கு என்றால் தானியம் இருக்கும். தானியம் இருந்தால் அளப்பவன், சுமப்பவன், வண்டி ஓட்டுபவன், மாட்டுக்குத் தீனி வைப்பவன் எல்லோரும் இருப்பார்கள். நாலுகால் பிராணியே இல்லாத நாட்டில் கிடங்கு எப்படி நிறைந்தது? பேரழிவு நடந்தது உண்மை. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், ஓடினார்கள். ஆனால் பர்க்குக்கு வேண்டியது வெற்றுப் பூமி. ஆள் இல்லாத பூமிக்காகப் பேசுவது சுலபம். அது குறுக்கே பேசாது.

இரண்டாவது, ஏரிகள். உரையில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான், உறுத்துவதும் இதுவே. மழையை நம்பிய இந்த நாட்டில் முன்னோர்கள் ஏரி வெட்டி வைத்தார்கள், அவற்றை வருஷா வருஷம் செப்பனிட வேண்டும், அந்தப் பணத்தைக் கடன்காரனுக்குக் கொடுத்தால் நாடே காய்ந்துவிடும் என்கிறார். தன் ஊரைத் தாண்டி ஏரிகளுக்காக வாதாடிய அரசியல்வாதி அந்தக் காலத்தில் வேறு யார்? செங்கல்பட்டு ஜாகீரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அந்த ஒரு படத்திலேயே 1,100க்கும் மேல். அயர்லாந்தில் பிறந்த மனிதர் லண்டனில் விளக்கைக் கிட்டே இழுத்துவைத்துக்கொண்டு நம் ஏரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணும் காட்சி எனக்குக் கண்ணில் நீர் வரவழைத்தது.

ஆனால் அந்த வரைபடம் தாமஸ் பர்னார்டின் அளவைப் பணியில் பிறந்தது. 1767இல் தொடங்கி ஏழெட்டு வருஷம் நடந்தது அது. அந்தப் பணி ஏரியை மட்டும் கணக்கெடுக்கவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களில் எத்தனை வீடு, அவற்றில் உழவர் எத்தனை, நெசவாளர் எத்தனை, கோயிலுக்கு என்ன, கணக்கனுக்கு என்ன என்று எல்லாமே எடுக்கப்பட்டது. நம் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்ததிலிருந்து வந்த கணக்கு. அதாவது ஊருக்குக் கணக்கு வைக்கவும் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளவும் தெரிந்த மக்கள் அங்கே இருந்தார்கள். பர்க்கின் உரையில் அந்த மக்கள் கிடையாது. ஏரி இருக்கிறது, ஏரிக்கு மதகு திறப்பவன் இல்லை.

மூன்றாவது உறுத்தல் பர்க் உட்கார்ந்திருந்த நாற்காலி. 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் அவர் சொன்னதை அரசியல் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள்: உங்கள் உறுப்பினர் உங்கள் உத்தரவைத் தூக்கி வரும் ஆள் கிடையாது, உங்களுக்காகத் தன் புத்தியைச் செலவிடுபவர். 1780இல் பிரிஸ்டல் கைவிட்டது. அதன்பின் அவர் மால்டன் தொகுதியில் நின்றார். அது அவருடைய அரசியல் புரவலர் ராக்கிங்ஹாம் பிரபு குடும்பத்தின் சட்டைப்பையில் இருந்த தொகுதி. பென்ஃபீல்டு வாங்கிய எட்டு சீட்டுகளைக் கிழித்துத் தொங்கவிட்ட அன்றும் பர்க் நின்றது மால்டனின் உறுப்பினராகத்தான். நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் அவர். சந்தையில் விற்கும் சீட்டு அவருக்கு அசிங்கம், பிரபு கொடுக்கும் சீட்டு மரபு. நோயை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வைத்தியர் மருந்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

அமெரிக்க விஷயத்திலும் அப்படித்தான். முத்திரைத்தாள் வரியை 1766இல் நீக்கியது அவர் கட்சி. அதோடு சேர்த்தே, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு என்ற பிரகடனச் சட்டத்தையும் நிறைவேற்றியது. அதிகாரம் இருக்கட்டும், பயன்படுத்தாமல் இருப்போம். இதுதான் பர்க்கின் கருணையின் வடிவம். அமெரிக்கர்கள் அதை ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்க் 1770 முதல் 1775 வரை நியூயார்க் சபையின் சம்பளம் பெற்ற முகவர். அவருக்கு நெருங்கிய வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவின் லண்டன் முகவர். எதிர்ப்பக்கம் நவாபுக்கும் முகவர் உண்டு, ஜேம்ஸ் மெக்ஃபர்சன். ஓசியன் என்ற பழங்காலக் கவியின் காவியங்களை மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லித் தானே எழுதி ஐரோப்பாவையே மயக்கினாரே, அதே மெக்ஃபர்சன். அவரும் எம்.பி. இல்லாத கவிக்குக் குரல் கொடுத்தவர் இருக்கிற நவாபுக்கும் குரல் கொடுத்தார். ஆக அன்றைய லண்டனில் நியூயார்க்குக்கு ஆள் இருந்தது, தஞ்சாவூர் ராஜாவுக்கு ஆள் இருந்தது, நவாபுக்கு ஆள் இருந்தது, கடன்காரனுக்கு எட்டு ஆள் இருந்தது. ஆரணிக்காரனுக்காகப் பேச பர்க்கின் மனசாட்சி மட்டும்தான் இருந்தது. அந்தத் தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. மனசாட்சிக்கு ஓட்டு கம்மி.

*

நமக்கு நாமே பேசத் தெரியாமல் இருந்ததா? 1429இல் வலங்கை, இடங்கை என்று வெட்டுக்குத்தாகப் பிரிந்து கிடந்த சாதிக் கூட்டங்கள் காவிரிப் பக்கத்தில் ஒன்றாகக் கூடின. அதிகாரிகளும் நிலக்காரர்களும் நியாயமில்லாமல் கேட்கும் வரியைக் கொடுப்பதில்லை, கொடுக்க வேண்டியது இவ்வளவுதான் என்று முடிவுசெய்து கோயில் சுவர்களில் வெட்டினார்கள். கொருக்கை, திருவைகாவூர் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. பாஸ்டனுக்கு முந்நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால். அதைச் சொல்லி மீசை முறுக்க நான் வரவில்லை. வரி கட்டுகிறவன் வரியைப் பற்றிப் பேசலாம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை என்பது மட்டும் போதும்.

அந்த எண்ணம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வாசலுக்குப் போனது 1852இல். சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார். 'கிரெசென்ட்' என்ற பத்திரிகையை எட்டு வருஷமாக நடத்திக்கொண்டிருந்தவர். கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் பார்த்துச் சங்கம் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது.

பர்க்கைப் படித்த கையோடு அந்த மனுவைப் படித்தால் சப்பென்று இருக்கும். மேகம் இல்லை, நெருப்பு இல்லை. நிலவரி இவ்வளவு, வசூலிக்கும் முறை இப்படி, கோர்ட்டில் தாமதம், உப்பு விலை, ரோடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்புறம் மொதர்பா வரி. தொழில் மேல் போடும் வரி அது. தச்சன், தட்டான், எண்ணெய்ச் செக்கு, அம்பட்டன் கருவிப்பை, நெசவாளியின் தறி எதையும் அது விடவில்லை. மான்செஸ்டர் துணி இறங்கி நெசவு செத்துக்கொண்டிருந்த வருஷங்களில் தறிக்கு வரி! சோழர் கல்வெட்டிலேயே தறி இறை உண்டு, புதிய சுமை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் குறையாக எழுதி, வரி போட்டவனின் சபைக்கே அனுப்பியது புதுசு.

மனுவின் தொடர்ச்சியாக டான்பி சீமோர் என்ற எம்.பி. 1853இல் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். வரி பாக்கிக்காக நடக்கும் சித்திரவதைகள் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. 1855இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. கைவிரல்களை நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் குனியவைத்துக் கட்டும் தண்டனை என எல்லாமே அந்த ஆங்கில அறிக்கையில் நம் ஊர்ப் பெயரோடு ஏறின. குடியானவர்களும் கைவினைஞர்களும் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். 1785இல் கண்ணுக்குத் தெரியாமல் போன ஆணும் பெண்ணும் எழுபது வருஷம் கழித்துத் தங்கள் வாயால் பேசினார்கள். கார்ல் மார்க்ஸ் 1857இல் ஒரு நியூயார்க் நாளிதழில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றி எழுதினார். மொதர்பா வரியும் சீக்கிரமே போனது.

இலக்கிய வாசகனாக எனக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. நல்ல உரைநடை எது என்று கேட்டால் கூசாமல் பர்க் என்பேன். மனு நடை சர்க்கார் நடை, பணிந்து பணிந்து எழுதியது. ஆனாலும் எனக்கு இப்போது மனுதான் பெரிய பிரதி. பர்க்கின் உரையில் ஒவ்வொரு வாக்கியமும் பேசுகிறவரைப் பெரிதாக்குகிறது. அது எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நாம் ஊமையாகிறோம். மனுவில் தறிவரி என்ற ஒற்றைச் சொல் வருகிறது. அதைப் படித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவராவது தறி என்றால் என்ன, அதற்கு ஏன் வரி என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வியைப் பிறக்க வைக்கும் வேலை அது. அழ வைக்கும் வேலை வேறு.

மனுவையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட முடியாது. அதில் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் பட்டணத்து வணிகர்கள், நிலக்காரர்கள், படித்தவர்கள். தறிக்குழியில் உட்கார்ந்தவன் அங்கேயும் நேரில் இல்லை. லட்சுமிநரசு செட்டியே 1863இல் சென்னைச் சட்டசபைக்கு அரசு நியமனத்தில்தான் போனார், யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. ஆனால் டுலானியின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நெசவாளியின் தறி நின்றால் துணி வணிகனின் கடையும் நிற்கும். நலன் ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தது. மால்டன் பிரபுவுக்கும் ஆரணித் தறிக்கும் அப்படி எந்த நூலும் இல்லை.

*

சித்தப்பா சொன்ன 'இப்ப ஒண்ணுதான்' பற்றி. ஆரணி தனி மக்களவைத் தொகுதியானது தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலில். அதற்கு முன் வந்தவாசித் தொகுதி. எங்கள் ஊர்ப் பெயரில் டெல்லியில் ஒரு நாற்காலி இருக்கிறது என்பது பெரிய விஷயம். பர்க் காலத்தோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். மறுபடியும் ஒரு மறுசீரமைப்பு வரப்போகிறது, தெற்குக்கு நாற்காலி குறையுமா என்று டீக்கடையில்கூடப் பேச்சு. 1971 கணக்கெடுப்பில் நிறுத்தி வைத்த எண்ணிக்கை அது. அந்தப் பேச்சு நியாயமானது.

ஆனால் நாற்காலிக் கணக்கு மட்டும் பேசினால் பர்க்கின் எட்டு எம்.பி. பாடம் வீண். அகில இந்திய கைத்தறி வாரியம் என்று ஒன்று இருந்தது. ஆலோசனை சொல்லும் அமைப்பு, பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் நெசவாளர் தரப்பு அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார அது ஓர் இடம். 2020 ஜூலையில் மத்திய அரசு அதைக் கலைத்தது. அதே காலத்தில்தான் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பும் முடிந்து வெளியானது. எத்தனை தறி, எத்தனை ஆள், எத்தனை பேர் பெண்கள், மாதம் என்ன வருமானம் என்று எல்லாம் எண்ணியிருக்கிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்தவர் சித்தப்பாவின் தறியையும் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் போனார்.

எண்ணப்படுவது வேறு, கேட்கப்படுவது வேறு. 1,100 ஏரிகளை எண்ணிய பர்க்கை நேசிப்பவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பும் அன்று சித்தப்பா கூலி நோட்டை எடுத்துக் காட்டினார். போன மூன்று சேலைக்குக் கழித்த தொகையில் ஒரு கணக்கு இடித்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மடித்து வைத்திருந்தார். "நீதான் பெரிசு பெரிசா எழுதுறியே, இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். தேதி, சேலை, எடை, கழிவு, கேள்வி. ஒரு பக்கம்கூட வரவில்லை. படித்துப் பார்த்தவர் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். ஜரிகை எடையை நான் தப்பாகப் போட்டிருந்தேன். "மரியாதையா எழுதினது போதும், கணக்கை முதல்ல போடு" என்று வரியை மாற்றச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார்.